செக்யூரிட்டிஎஃப்எஸ் ரிவ்யூ: கெர்னலுக்குள்ள இருக்குற இந்த சின்ன ஃபைல்சிஸ்டத்த நம்பலாமா?

லினக்ஸ் கெர்னல்ல, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையத்துல, இருக்குற செக்யூரிட்டிஎஃப்எஸ்ங்கிற ஃபைல்சிஸ்டம் நல்லா இருக்கா, அத நம்பி ஸ்கிரிப்ட் எழுதலாமா, நம்ம சொந்த கெர்னல் கோடுக்கு அதுல ஒரு டைரக்டரி போடலாமான்னு மூணு கேள்வி அடிக்கடி வருது. மூணுக்கும் என் பதில் ஆமாதான், மூணாவதுக்கு மட்டும் சில நிபந்தனை இருக்கு, அத கீழ சொல்றேன். நான் சர்வர பாதுகாப்பா இறுக்குற ஹார்டனிங் வேலையும் பண்றேன், சின்ன போர்டுகளுக்கு கெர்னல் பில்ட் பண்ற வேலையும் பண்றேன், அதனால இத யூஸ் பண்றவனாவும் பாத்திருக்கேன், இதுக்கு கோடு எழுதுறவனாவும் பாத்திருக்கேன், ரெண்டு பக்கமும் சேத்துதான் இந்த ரிவ்யூ.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. லினக்ஸ்ல ஆப்ஆர்மர், ஐஎம்ஏ, டொமோயோ, ஐபிஇ மாதிரி செக்யூரிட்டி மாட்யூல்ஸ் இருக்கு. அதெல்லாம் கெர்னலுக்குள்ள உக்காந்துட்டு யார் எந்த ஃபைல தொடலாம், எந்த புரோகிராம் ஓடலாம்னு முடிவெடுக்கும். ஆனா பாலிசிய, அதாவது எத அனுமதிக்கணும்ங்கிற விதிகள, வெளிய இருந்து உள்ள அனுப்பணும், உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய காட்டணும், அதுக்கு ஒரு வாசல் வேணும்ல. அந்த வாசல்தான் இது. டிஸ்க்ல ஒரு பைட் கூட கிடையாது, எல்லாமே மெமரில, சிஸ் கீழ கெர்னல், அதுக்கு கீழ செக்யூரிட்டின்னு ஒரு டைரக்டரில மவுன்ட் ஆகி, அதாவது ஃபைல் மரத்தோட இணைஞ்சு, நிக்கும்.

இது ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் இதோட மதிப்பு புரியும். செலினக்ஸ்ங்கிற செக்யூரிட்டி மாட்யூல் தனக்குன்னு ஒரு ஃபைல்சிஸ்டம் எழுதிட்டு ரூட் டைரக்டரிலயே நேரா செலினக்ஸ்னு ஒரு இடத்துல மவுன்ட் ஆகிட்டு இருந்துச்சு. அடுத்து வர்ற ஒவ்வொரு மாட்யூலும் இதையே பண்ணா ரூட் டைரக்டரி என்ன கதி ஆகும்னு யோசிச்சு பாருங்க. 2005 ஜூலைல கெர்னல் டெவலப்பர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் ஒரு சின்ன பேட்ச், அதாவது கோடு மாற்றம், அனுப்பினாரு, எல்லா மாட்யூலும் பொதுவா யூஸ் பண்ணிக்கலாம், மவுன்ட் பண்ற இடத்தயும் அதுவே உருவாக்கிக்கும், யாரும் ரூட்ல புது டைரக்டரி போட வேண்டாம்னு. அது 2.6.14 கெர்னல்ல உள்ள வந்துச்சு. அப்போ இதுக்கு மாறின மாட்யூல்ல ஒண்ணு செக்லெவல், அந்த மாட்யூல் அப்புறம் கெர்னல விட்டே தூக்கப்பட்டுடுச்சு, ஆனா இடம் கொடுத்த ஃபைல்சிஸ்டம் 20 வருஷம் தாண்டி இன்னும் ஓடிட்டு இருக்கு. செலினக்ஸும் ஸ்மாக்ங்கிற இன்னொரு மாட்யூலும் இதுக்குள்ள வரல, அவங்களுக்கு தனி ஃபைல்சிஸ்டம்தான் இன்னிக்கும், ஆனா செலினக்ஸ் கூட 2011-ல 3.0 கெர்னல்ல ரூட்ட விட்டுட்டு சிஸ் கீழ இருக்குற எஃப்எஸ் டைரக்டரிக்கு இடம் மாத்திக்கிச்சு.

சரி, யூஸ் பண்றது எப்படி இருக்கு. இன்ஸ்டால்னு ஒண்ணுமே இல்ல. சிஸ்டம்டி (பூட்ல மத்ததெல்லாம் ஸ்டார்ட் பண்ற புரோகிராம்) இருக்குற மெஷின்ல பூட் ஆகும்போதே அது மவுன்ட் பண்ணிடும், நீங்க தொட வேண்டியதே இல்ல. பிஸிபாக்ஸ்ங்கிற சின்ன டூல் தொகுப்பு மட்டும் வெச்ச போர்டுலதான் நாமளே ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட்ல ஒரு மவுன்ட் லைன் சேக்கணும். ஒரு வெண்டர் எங்களுக்கு கொடுத்த இமேஜ்ல அந்த லைன் இல்ல, ஓடுற ஃபைல்கள அளந்து பதிவு பண்ற ஐஎம்ஏ உள்ள ஒழுங்கா ஓடிட்டு இருக்கு, ஆனா டைரக்டரி காலியா தெரியுதுன்னு டீம்ல எல்லாரும் ஐஎம்ஏவே இல்லன்னு முடிவு கட்டிட்டாங்க. கெர்னல் கான்ஃபிக் பாத்தாதான் உண்மை தெரியும், ஏன்னா ஐஎம்ஏயையோ ஆப்ஆர்மரையோ ஆன் பண்ணா செக்யூரிட்டிஎஃப்எஸ் தானாவே ஆன் ஆகிடும், அதனால டைரக்டரி காலியா இருந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது மவுன்ட்டத்தான்.

உள்ள போனதும் முதல்ல பாக்க வேண்டிய ஃபைல் எல்எஸ்எம், அதாவது லினக்ஸ் செக்யூரிட்டி மாட்யூல். கேட் (ஃபைல திரைல காட்டுற கமாண்ட்) அடிச்சா கமா போட்ட ஒரே லைன் வரும், லாக்டவுன், கேப்பபிலிட்டி, லேண்ட்லாக், யாமா, ஆப்ஆர்மர் இப்படி. 2017-ல 4.11 கெர்னல்ல கேஸி ஷாஃப்லர்ங்கிற டெவலப்பர் சேத்தது இது. அந்த வரிசை சும்மா இல்ல, அதே வரிசைலதான் கெர்னல் ஒவ்வொரு மாட்யூலயும் கூப்பிடும். அதுக்கு முன்னாடி ஒரு மெஷின்ல எது ஆன்ல இருக்குன்னு கண்டுபிடிக்க பூட் லாக் எல்லாம் தோண்டணும், இப்போ ஒரு கேட். லைனோட கடைசில நியூலைன் இல்லாததால ஷெல் ப்ராம்ப்ட் அதுலயே வந்து ஒட்டிக்கும், மொத தடவ பாக்குறவங்க அவுட்புட் பாதில நின்னுடுச்சுன்னு நெனப்பாங்க, அப்படி இல்ல, அவ்ளோதான் அவுட்புட்டே. இன்னொரு விஷயமும் சொல்லணும். யாமா இந்த லிஸ்ட்ல இருக்கும், ஆனா யாமான்னு டைரக்டரி எதுவும் இருக்காது, அது சிஸ்கன்ட்ரோல்ங்கிற கெர்னல் செட்டிங்ஸ் வழியா பேசுற மாட்யூல். லேண்ட்லாக்கும் அதே மாதிரி டைரக்டரி இல்லாத ஆள். அதனால டைரக்டரி இருக்கான்னு பாத்து மாட்யூல் ஆன்ல இருக்கான்னு முடிவு பண்ற ஸ்கிரிப்ட் எழுதாதீங்க, எல்எஸ்எம் ஃபைல படிங்க.

கெர்னல யாரும் மாத்தாம பூட்டி வெக்குற லாக்டவுன் மாட்யூலோட ஃபைல் எனக்கு ரொம்ப பிடிச்சது. நன், இன்டெக்ரிட்டி, கான்ஃபிடென்ஷியாலிட்டின்னு மூணு வார்த்தை, இப்போ எது நடப்புல இருக்கோ அத சுத்தி சதுர அடைப்பு. மேல, அதாவது கட்டுப்பாடு கூடுற பக்கம், ஏத்தணும்னா அந்த வார்த்தைய எழுதிட்டா போதும். கீழ இறக்க முடியாது, முழு அதிகாரம் உள்ள ரூட் யூசரா இருந்தாலும் பர்மிஷன் இல்லன்னு திருப்பி அனுப்பிடும், ரீபூட் ஒண்ணுதான் வழி. 2019-ல 5.4 கெர்னல்ல வந்துச்சு. என்ன ஆப்ஷன் இருக்கு, இப்போ எது, எப்படி மாத்துறதுங்கிற மூணையும் டாக்குமென்ட் படிக்காமலே ஒரு ஃபைல் சொல்லிடுது, எல்லா மாட்யூலும் இப்படி எழுதியிருந்தா நான் இந்த ரிவ்யூவ இங்கயே முடிச்சிருப்பேன்.

இப்போ ஐஎம்ஏ. இந்த ஃபைல்சிஸ்டத்தோட உண்மையான பலம் தெரியணும்னா இங்கதான் வரணும். எந்த ஃபைல் ஓடுச்சு, எந்த லைப்ரரி லோட் ஆச்சுன்னு ஒவ்வொண்ணோட ஹாஷையும், அதாவது உள்ளடக்கத்தோட கைரேகையையும், எடுத்து கெர்னல் ஒரு லிஸ்ட்ல சேத்துட்டே வரும், அந்த லிஸ்ட்ட ஆஸ்கி ரன்டைம் மெஷர்மென்ட்ஸ்ங்கிற ஃபைல்ல படிக்கலாம், அதையே புரோகிராம் படிக்கறதுக்கு பைனரிலயும் வெச்சிருக்காங்க. முத லைன் எப்பவுமே பூட் அக்ரிகேட், அதாவது பூட்டுக்கு முன்னாடி டிபிஎம்ங்கிற பாதுகாப்பு சிப்ல பதிவானதோட சுருக்கம். சாதாரணமா ஒவ்வொரு லைனும் 10-ன்னு ஆரம்பிக்கும், அது டிபிஎம்ல இருக்குற 10-ம் நம்பர் ரெஜிஸ்டர். மொத்த லிஸ்ட்டயும் முதல்லேர்ந்து ஒண்ணு ஒண்ணா திரும்ப கணக்கிட்டு வந்தா கடைசில அந்த ரெஜிஸ்டர்ல இருக்குற மதிப்பு வரணும், வரலைன்னா லிஸ்ட்ல யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். யோசிச்சு பாருங்க, ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல கேட் பண்ணி, ஹார்ட்வேர் சாட்சியோட ஒப்பிட்டு, தூரத்துல இருக்குற மெஷின நம்பலாமா வேண்டாமான்னு சொல்ல முடியுது. இதுக்காகவே நான் செக்யூரிட்டிஎஃப்எஸ்க்கு நல்ல மார்க் போடுவேன்.

ஆனா கவனிக்க வேண்டியது இருக்கு. அந்த லிஸ்ட் கெர்னல் மெமரில வளந்துட்டே போகும், சாதாரணமா ரீபூட் வரைக்கும் குறையாது. டிசிபிங்கிற, கெர்னல்லயே தயாரா இருக்குற பாலிசிய அப்படியே போட்டு பில்ட் சர்வர் ஓட்டுனீங்கன்னா ரூட் தொடுற ஒவ்வொரு புது ஃபைலும் ஒரு லைன், மாசக்கணக்குல ஓடுற மெஷின்ல அது எவ்ளோ ஆகும்னு பாத்துக்கோங்க. எத்தன லைன் ஆச்சுன்னு சொல்ல தனியா ஒரு கவுன்ட் ஃபைல் இருக்கு, அத மானிட்டரிங்ல சேத்துடுங்க. அடுத்து, எல்எஸ் (ஃபைல் லிஸ்ட் காட்டுற கமாண்ட்) போட்டா இந்த ஃபைலுக்கெல்லாம் சைஸ் 0-ன்னுதான் காட்டும். படிக்கும்போதுதான் கெர்னல் உள்ளடக்கத்த உருவாக்குது, அதனால முன்கூட்டியே சைஸ் தெரியாது. டார்ல (ஃபைல்கள ஒண்ணா கட்டுற டூல்) போட்டு எவிடன்ஸ் எடுக்கறேன்னு போனா காலி ஃபைல்தான் கைக்கு வரும். முதல்ல கேட் பண்ணி வேற ஃபைல்ல எழுதிட்டு அப்புறம் டார் பண்ணுங்க.

ஐஎம்ஏ பாலிசி எழுதுற அனுபவம்தான் கொஞ்சம் கஷ்டம். பாலிசின்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல ரூல்ஸ எழுதணும். ஒரு தடவ சரியா எழுதி முடிச்சதும் பல கெர்னல் பில்ட்ல அந்த ஃபைலே மறைஞ்சிடும், திரும்ப எழுதவே முடியாது. டிசைனா பாத்தா இது ரொம்ப சரி, உள்ள வந்த அட்டாக்கர் பாலிசிய தளர்த்த முடியாது. திரும்ப திரும்ப எழுதணும்னா கெர்னல் பில்ட் பண்ணும்போதே அதுக்குன்னு ஒரு ஆப்ஷன் ஆன் பண்ணணும். ரூல்ஸுக்கு பதிலா பாலிசி ஃபைல் இருக்குற இடத்த (பாத்) எழுதினாலும் எடுத்துக்கும், கையெழுத்து போட்ட பாலிசிதான் வேணும்னு செட் பண்ணியிருந்தா அது ஒண்ணுதான் வழி. என் குறை என்னன்னா, ஒரு ரூல்ல ஒரு எழுத்து தப்பா போச்சுன்னா ஷெல்ல இன்வேலிட் ஆர்க்யுமென்ட்னு ஒரு வார்த்தைதான் வரும், எந்த லைன், எந்த கீவேர்ட்னு அங்க சொல்லாது, ஆடிட் லாக்ல போய் தேடணும். ஃபைல்ல எழுதுறதுன்னாலே ஒரு எரர் நம்பரத்தான் திருப்பி கொடுக்க முடியும்ங்கிற வரையறை இது, ஆனா யூஸ் பண்றவங்களுக்கு அது வலிதான்.

டிபிஎம் டைரக்டரியும் இங்கதான் இருக்கு, டிபிஎம்0-ன்னு. பயாஸ் பூட் சமயத்துல பதிவு பண்ண ஈவென்ட் லாக் அதுக்குள்ள பைனரியா கிடைக்கும். பழைய 1.2 சிப்பா இருந்தா மனுஷன் படிக்கற மாதிரி ஆஸ்கி ஃபைலும் கூட வரும், 2.0-ல பைனரி மட்டும்தான், அத படிக்க டிபிஎம்2 டூல்ஸ் வேணும். இதுல கவனிங்க, டிபிஎம் ஒரு செக்யூரிட்டி மாட்யூலே கிடையாது, அது ஒரு டிரைவர், ஆனாலும் அதுக்கும் இடம் கொடுத்திருக்காங்க. இதே மாதிரி இன்னொண்ணு 5.19-ல வந்த ஈஎஃப்ஐ சீக்ரெட். ஏஎம்டி எஸ்ஈவி மாதிரி மெமரி என்கிரிப்ட் ஆன விர்ச்சுவல் மெஷினுக்கு வெளிய இருந்து ரகசியமா கொடுத்த கீ எல்லாம் இங்க ஃபைலா வந்து நிக்கும், படிச்சு முடிச்சதும் ஆர்எம் போட்டீங்கன்னா பேர் மட்டும் போறதில்ல, மெமரில இருக்குற ரகசியமும் சேத்து அழிக்கப்படும். ஃபைல அழிக்கறதுங்கிற சாதாரண செயலுக்கு இவ்ளோ பொருத்தமான அர்த்தம் கொடுத்தவங்கள மனசார பாராட்டணும்.

ஆப்ஆர்மர் பக்கம் வந்தா விஷயம் பெருசு. புரொஃபைல்ஸ் ஃபைல்ல எது எல்லாம் லோட் ஆகியிருக்கு, என்ஃபோர்ஸ்ல (தடுக்குது) இருக்கா கம்ப்ளெயின்ல (பதிவு மட்டும் பண்ணுது) இருக்கான்னு லிஸ்ட் வரும், ஏஏ-ஸ்டேட்டஸ் கமாண்ட் காட்டுறதும் இங்கிருந்து எடுத்ததுதான். ஃபீச்சர்ஸ்னு ஒரு டைரக்டரி இருக்கு, இந்த கெர்னலுக்கு என்னென்ன தெரியும்ங்கிறத சின்ன சின்ன ஃபைலா பிரிச்சு வெச்சிருக்கும். பாலிசிய கம்பைல் பண்ற பார்சர் அத படிச்சுட்டு இந்த கெர்னல் புரிஞ்சுக்குற அளவுக்குத்தான் பாலிசி செய்யும். வெர்ஷன் நம்பர பாத்து ஊகிக்கறத விட இது பல மடங்கு நம்பகமான முறை, பழைய கெர்னல்ல பின்னாடி கொண்டு வந்து சேத்த (பேக்போர்ட்) வசதி கூட சரியா தெரிஞ்சுடும்.

ஆனா ஆப்ஆர்மர்ல ஒரு சங்கடம். பாலிசி ஏத்துற, மாத்துற, எடுக்குற மூணு ஃபைலும் எல்எஸ்ல பாத்தா யார் வேணா எழுதலாம்னு 0666 பர்மிஷனோட நிக்கும். உண்மையான சோதனை எழுத போகும்போது கெர்னலுக்குள்ள நடக்குது, உரிமை இல்லாதவன் எழுதினா அங்க மறுத்துடும். நேம்ஸ்பேஸுக்குள்ள, அதாவது தனியா பிரிச்ச காட்சிக்குள்ள, இருக்குற கன்டெய்னரும் தன்னோட பாலிசிய ஏத்தணும்ங்கிற தேவை இருக்கு, சரி. இருந்தாலும் வெளிய காட்டுற பர்மிஷனும் உள்ள நடக்குற சோதனையும் வேற வேறயா இருக்குறது எனக்கு பிடிக்கல. ஆடிட் பண்ற ஒருத்தர் எல்எஸ் பாத்துட்டு பதறுவாரு, அவருக்கு ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்லணும், அது மட்டும் இல்ல, சோதனை மொத்தமும் ஒரே இடத்த நம்பி நிக்குது.

இதுதான் செக்யூரிட்டிஎஃப்எஸோட பெரிய குணம், பலம்னும் சொல்லலாம் குறைன்னும் சொல்லலாம். கூட்டுக்குடும்பம் மாதிரி, வாசல் ஒண்ணு, ஆனா ஒவ்வொருத்தருக்கும் தனி அடுப்பு. எல்எஸ்எம் ஃபைல் கமா போடும், லாக்டவுன் சதுர அடைப்பு போடும், ஐஎம்ஏ ஸ்பேஸ் போட்ட லைன் கொடுக்கும், ஆப்ஆர்மர் ஒரு மரத்தையே கொடுக்கும், ஐபிஇ 2024-ல 6.12-ல வந்தப்போ ஒவ்வொரு பாலிசிக்கும் ஒரு டைரக்டரின்னு தன் வழில போச்சு. ஒரு மாட்யூல் கத்துக்கிட்டா அடுத்தது தானா வரும்னு நெனைக்காதீங்க.

இப்போ பராமரிப்பு பக்கம். இதோட சோர்ஸ் செக்யூரிட்டி டைரக்டரில ஐநோட்ங்கிற ஒரே ஃபைல், சில நூறு லைன், அதுலயும் ஒரு பகுதி கமென்ட். டீபக்எஃப்எஸ்ங்கிற இன்னொரு கெர்னல் ஃபைல்சிஸ்டத்தோட பாணிலயே எழுதினது. ஃபைல் உருவாக்க ஒண்ணு, டைரக்டரிக்கு ஒண்ணு, சிம்லிங்க்குக்கு ஒண்ணு, எடுக்க ஒண்ணுன்னு விரல் விட்டு எண்ணக்கூடிய ஃபங்ஷன்தான். ஒரு சாயங்காலம் உக்காந்தா முழுசா படிச்சிடலாம், கெர்னல்ல அப்படி சொல்லக்கூடிய இடம் ரொம்ப கம்மி. செக்யூரிட்டி சம்பந்தப்பட்ட கோடு இவ்ளோ சின்னதா இருக்குறது பெரிய நிம்மதி.

ஆனா சின்ன கோடுலயும் பழைய அழுக்கு சேரும். ரொம்ப வருஷமா எடுக்குற ஃபங்ஷன் ஒரு தடவைக்கு ஒரு என்ட்ரிதான் எடுக்கும், அதனால ஒவ்வொரு மாட்யூலும் தான் உருவாக்குன எல்லா ஃபைலோட பாயின்டரையும் பத்திரமா வெச்சுக்கணும், பாதில ஏதாவது ஃபெயில் ஆனா தலைகீழ் வரிசைல ஒண்ணு ஒண்ணா கழட்டணும். ஐஎம்ஏவோட ஸ்டார்ட்டப் கோடுல அந்த கழட்டுற பகுதி மட்டுமே ஒரு நீளத்துக்கு இருக்கும். அதோட ஒவ்வொரு என்ட்ரிக்கும், இது இன்னும் யூஸ்ல இருக்குன்னு எண்ணுற ரெஃபரன்ஸ் கவுன்ட்ட ரெண்டு தடவ பிடிச்சு வெச்சிருந்தாங்க, ஒண்ணு போதும்ங்கற இடத்துல. 2025-ல கெர்னல் டெவலப்பர் ஆல் விரோ இத உக்காந்து சுத்தம் பண்ணாரு. இப்போ டைரக்டரிய எடுன்னு சொன்னா அதுக்கு கீழ இருக்குற மொத்தமும் சேந்து போயிடும், ரெஃபரன்ஸும் ஒண்ணா ஆச்சு, ஐஎம்ஏ, ஈவிஎம் (இன்னொரு செக்யூரிட்டி மாட்யூல்), டிபிஎம், ஈஎஃப்ஐ சீக்ரெட் எல்லாத்துலயும் கோடு சுருங்குச்சு. யூஸ் பண்றவங்க கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது, எந்த பாத்தும் மாறல, எந்த ஸ்கிரிப்ட்டும் உடையல. இந்த மாதிரி வேலைக்கு கைதட்டு கிடைக்கறது கம்மி, அதனாலதான் இங்க அழுத்தி சொல்றேன், பராமரிப்புன்னா இதுதான்.

இன்னும் பாக்கி இருக்குறது, மாட்யூல அன்லோட் பண்ற நேரத்துல ஒருத்தர் ஃபைல திறந்து வெச்சிருந்தா என்ன ஆகும்ங்கிற கேள்வி. டீபக்எஃப்எஸ்ல அதுக்கு பொதுவான பாதுகாப்பு ஒண்ணு பின்னாடி சேத்தாங்க. இங்க அது இல்ல, டிபிஎம் டிரைவர் மாதிரி வந்து போகக்கூடியவங்க ஃபைல் திறக்கும்போது ஐநோட் லாக் எடுத்து, நான் இன்னும் உயிரோட இருக்கேனான்னு தானே பாத்துக்கணும். செக்யூரிட்டி மாட்யூல்ஸ் கெர்னலோடயே பில்ட் ஆகுறதால அவங்களுக்கு இந்த பிரச்சனை இல்ல. நீங்க ஒரு டிரைவர்ல இருந்து இத யூஸ் பண்றீங்கன்னா டிபிஎம் கோட படிக்காம ஆரம்பிக்காதீங்க, மேல சொன்ன நிபந்தனைல முதல் நிபந்தனை இதுதான்.

ரெண்டாவது நிபந்தனை கன்டெய்னர். செக்யூரிட்டிஎஃப்எஸுக்கு மொத்த மெஷினுக்கும் சூப்பர்பிளாக், அதாவது ஃபைல்சிஸ்டத்தோட மூல பதிவு, ஒண்ணுதான், எங்க எத்தன தடவ மவுன்ட் பண்ணாலும் அதே மரம்தான் தெரியும். கன்டெய்னருக்கு ஒரு காட்சி, ஹோஸ்டுக்கு ஒரு காட்சின்னு பிரிக்க அதுல வழி இல்ல. ஐஎம்ஏக்கு நேம்ஸ்பேஸ் கொண்டு வரணும்னு ஸ்டெஃபான் பெர்கர் எழுதுன பேட்ச் தொடர் இந்த ஃபைல்சிஸ்டத்தயும் சேத்து மாத்த பாத்துச்சு, பல வெர்ஷன் வந்தும் மெயின் கெர்னலுக்குள்ள போகல. ஆப்ஆர்மர் காத்திருக்காம தனக்குள்ள இன்னொரு சின்ன ஃபைல்சிஸ்டம் எழுதி, பாலிசிங்கிற ஒரு லிங்க் வழியா யார் பாக்குறாங்களோ அவங்களுக்கு ஏத்த மரத்த காட்டுது. வேலை செய்யுது, நல்லாவே செய்யுது, ஆனா பொதுவா இருக்க வேண்டிய வசதிய ஒரு மாட்யூல் தனியா கட்டிக்கிச்சுங்கிறது 2005-ல எத தவிர்க்கணும்னு ஆரம்பிச்சாங்களோ அதுக்கே கொஞ்சம் திரும்ப போன மாதிரி இருக்கு. கன்டெய்னர்தான் இன்னிக்கு பொழப்பேன்னு இருக்குறவங்களுக்கு இது நிஜமான குறை.

இதுக்கு பதிலா சிஸ்டம் கால், அதாவது புரோகிராம் கெர்னல நேரா கேக்குற வழி, போதாதான்னு கேக்கலாம். 2021-ல 5.13-ல வந்த லேண்ட்லாக் ஃபைலே இல்லாம சிஸ்டம் கால் மட்டும் வெச்சு வந்துச்சு, ஏன்னா அது சாதாரண புரோகிராம் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கறதுக்கு, அங்க மவுன்ட்ட நம்ப முடியாது. 2024-ல 6.8-ல எந்த மாட்யூல்ஸ் ஆன்ல இருக்குன்னு கேக்குற சிஸ்டம் காலும் வந்துடுச்சு, செக்யூரிட்டிஎஃப்எஸ் மவுன்ட் ஆகாத சிறைக்குள்ள இருந்தும் பதில் கிடைக்கும். புரோகிராமுக்கு அது நல்லது. ஆனா ராத்திரி சர்வர் படுத்துடுச்சுன்னு எழுப்புறாங்க, கைல ஒரு ஷெல் மட்டும்தான் இருக்குன்னா, எனக்கு கேட் அடிச்சா பதில் சொல்ற ஃபைல்தான் வேணும்.

யாருக்கு ரெகமெண்ட் பண்றேன்னா, சர்வர் அட்மின்னா எல்எஸ்எம், லாக்டவுன், ஐஎம்ஏ கவுன்ட் மூணையும் இன்னிக்கே மானிட்டரிங்ல சேருங்க. கெர்னல்ல புதுசா செக்யூரிட்டி மாட்யூல் எழுதுறவங்க தனி ஃபைல்சிஸ்டம் எழுதாதீங்க, இங்கயே ஒரு டைரக்டரி எடுத்துக்கோங்க, லாக்டவுன் ஃபைல மாதிரியா வெச்சுக்கோங்க, ஒரு ஃபைலுக்கு ஒரு விஷயம், கடைசில ஒரு நியூலைன். புதுசா வர்ற மாட்யூல்ஸ் கிட்ட எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான், பாலிசி ஏத்தும்போது ஃபெயில் ஆனா எந்த லைன்ல ஏன் ஃபெயில் ஆச்சுன்னு படிக்க பக்கத்துலயே இன்னொரு ஃபைல் வைங்க, இன்வேலிட் ஆர்க்யுமென்ட்ட மட்டும் கைல கொடுத்து ஆடிட் லாக்குக்கு அனுப்பாதீங்க.